செக்ரோலில் பேர் இருக்கு, டீமில் இல்லை

எங்களில் ஒருத்தி காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். லயத்து வாசலில் நின்றால் கீழே தண்ணீர். மழைக்காலத்தில் அது தேயிலைக்குக் கிட்ட ஏறி வரும். வரட்சியில் இறங்கிப்போய் சேற்றுத் திட்டுகளைக் காட்டும். பதினெட்டு வருஷம் தினமும் பார்த்த தண்ணீர். ஒரு தடவையாவது அதில் இறங்கினாயா என்று கேட்டால், இல்லை. "தண்ணிப் பக்கம் போயிராத" என்பதுதான் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். அதை வீண் பயம் என்று சொல்ல மாட்டோம். பழக்கிவிட ஆள் இல்லாத இடத்தில் அம்மாமாருக்கு வேற என்ன வழி?

அவள் கம்பஸ் வந்த முதல் வருஷம் பெண்கள் துடுப்புப் படகோட்ட அணிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். முன் அனுபவம் தேவையில்லை என்று நோட்டீசில் இருந்தது. அதை நம்பித்தான் போனாள். அங்கே கேட்ட முதல் கேள்வி, "நீந்தத் தெரியுமா?" 50 மீற்றர் நீந்திக் காட்ட வேண்டும். தெரியாது. பேர் எழுதப்படவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

விதி பிழையில்லை. போட்டிப் படகு அகலம் குறைந்தது, லேசில் கவிழும். நீந்தத் தெரியாதவளை அதில் ஏற்றுவது கொலைக்குச் சமம். எங்கள் கோபம் அந்த விதி மேல் இல்ல. "தெரியாதா, பரவாயில்ல, மூன்று மாசத்தில பழக்குறோம், அதுக்குப் பிறகு வா" என்று சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லாததுதான் கோபம். அப்படிச் சொல்வது யாருடைய வேலை, அதற்கு யாருக்குச் சம்பளம், அதற்கு எவ்வளவு காசு ஒதுக்கியிருக்கிறது என்று விசாரித்துப் பார்த்தோம். பதில் சொல்லக்கூடிய ஆளையே கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அங்கேதான் ஆரம்பமாகிறது.

வேறு நாட்டில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போமே என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெண்கள் படகோட்ட அணிகளைப் பற்றித் தேடினோம். முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒவ்வொரு பெண்ணின் பேர், எந்த ஊர், எந்தப் பாடசாலை, எந்த வருஷம். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், உதவிப் பயிற்சியாளர்கள் இரண்டு மூன்று பேர். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு. அணியின் பரீட்சைச் சராசரி என்ன. எல்லாம் பகிரங்கமாகக் கிடக்கிறது. இதெல்லாம் பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று மூடிவிடப் பார்த்தோம். பிறகு தெரிந்தது, எண்ணிக்கையும் காசுக் கணக்கும் அவர்கள் தாராளமாகக் காட்டுவது இல்ல, சட்டம் காட்டவைப்பது. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் 9' சட்டம் அங்கே 1972இல் வந்தது. 1994இல் இன்னொரு சட்டம் வந்தது. எத்தனை ஆண், எத்தனை பெண் விளையாடுகிறார்கள், பயிற்சியாளர்கள் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு செலவு என்று பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு வருஷமும் பகிரங்கமாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

அதுவும் சும்மா வரவில்லை. 1976 மார்ச்சில் யேல் பல்கலைக்கழகத்தின் படகோட்டப் பெண்கள் 19 பேர் உடற்கல்விப் பொறுப்பாளரின் அறைக்குள் போனார்கள். பயிற்சி முடிந்ததும் ஆண்கள் வெந்நீரில் குளிப்பார்கள். பெண்களுக்குக் குளிக்கும் அறை இல்லை. குளிர்காலத்தில் நனைந்த உடுப்போடு பஸ்சுக்குள் உட்கார்ந்து ஆண்கள் வரும்வரை காத்திருப்பார்கள். கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள் அன்று அந்த அறையில் மேலாடையைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவர்களின் உடம்பில் சட்டத்தின் பேர் எழுதியிருந்தது. கிறிஸ் ஏர்ன்ஸ்ட் என்ற வீராங்கனை அறிக்கையை வாசித்தார். செய்தி பத்திரிகைக்குப் போனது, பிறகு அறையும் வந்தது. அதே வருஷம் மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் படகோட்டம் முதல்தடவையாகச் சேர்க்கப்பட்டது.

நனைந்த உடுப்போடு காத்திருப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மழைக்குள் றப்பர் சீட்டைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுத்து, மலையில் கழிவறை இல்லாமல் பின்னேரம் வரை அடக்கிக்கொண்டு நிற்கும் பெண்களின் பிள்ளைகள் நாங்கள். அதனால் அந்த 19 பேரையும் தூரத்து வெள்ளைக்காரிகளாக மட்டும் பார்க்க எங்களால் முடியவில்லை. அவர்கள் கேட்டதும் நாங்கள் கேட்பதும் ஒன்றுதான். கணக்கைக் காட்டு. பேர், ஆள், காசு, படிப்பு என்று நாலு கணக்கு.

பேர்

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று வெளியாருக்குத் தெரியாது. ஒரு நாள் வேலை செய்து முழுச் சம்பளம் விழுந்தால் அது ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். பெரட்டுக்கு லேட்டாக வந்தால் அதுவும் இல்லாமல் போகலாம். எல்லாப் பேரும் செக்ரோலில் ஏறும். எங்கள் அம்மம்மாமாரின் வாழ்க்கை முழுக்க அந்தக் கொப்பிக்குள் இருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாக எங்களை எண்ணத் தெரிந்த நாட்டில், பல்கலைக்கழக அணிகளுக்குள் நாங்கள் எத்தனை பேர் என்று எண்ணி வைத்த கொப்பியை நாங்கள் எங்கும் பார்த்ததில்லை.

அரச பல்கலைக்கழகங்களில் பாதிக்கும் மேல் பெண்கள். கலைப்பீடத்து விரிவுரை மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தாலே தெரியும். பின்னேரம் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள், கணக்கு அப்படியே தலைகீழ். அந்தக் கொஞ்சப் பெண்களுக்குள்ளும் மலையகத்துப் பெண்கள் எத்தனை? தோட்டப் பாடசாலையில் படித்தவர்கள் எத்தனை? எங்கள் கம்பஸில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். ஒரு கை போதுமாக இருந்தது.

"உங்க பிள்ளைகளுக்கு ஆர்வமில்ல" என்பார்கள். ஆர்வம் எங்கிருந்து வரும்? இலங்கையில் துடுப்புப் படகோட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பு றோவிங் கிளப் 1864இல் ஆரம்பமானது, சென்னை போட் கிளப்பை விட மூன்று வருஷம் மூத்தது. ஆனால் அந்த வரலாறு பேர வாவியைச் சுற்றியே நின்றுவிட்டது. ரோயல், தோமியன் மாதிரிப் பாடசாலைகளுக்கு வருடாந்தப் படகுப் போட்டி உண்டு. கொழும்புப் பாடசாலையில் துடுப்புப் பிடித்த பிள்ளை கம்பஸ் வந்ததும் அணிக்குள் போகிறது. நோர்வூட், மஸ்கெலியாப் பிள்ளைக்கு அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாது. இத்தனைக்கும் தண்ணீர் யாரிடம் இருக்கிறது? காசல்ரீ, மவுசாகலை, கனியன், மேல் கொத்மலை, நுவரெலியா கிரகரி வாவி. காசல்ரீயும் மவுசாகலையும் 1960களில் கட்டப்பட்டன. மவுசாகலைக்குள் பழைய மஸ்கெலியா டவுனே கிடக்கிறது. வரட்சி வந்தால் கோயிலும் பள்ளிவாசலும் வெளியே தெரியும், படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். எங்கள் ஊரை மூழ்கடித்த தண்ணீர் லக்சபானவில் கரண்டாகி நாடு முழுக்கப் போகிறது. கரையில் உல்லாசப் பயணிகள் தங்கும் பங்களாக்கள், காசல்ரீயில் தண்ணீரில் இறங்கும் விமானம், கிரகரியில் அன்னப்பறவைப் படகு. கரையில் குடியிருக்கும் பிள்ளைக்கு அதில் நீந்தப் பழக ஒரு பாதுகாப்பான மூலைகூட இல்லை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. படகோட்டம் பிந்தி ஆரம்பிக்கக்கூடிய விளையாட்டு. கிரிக்கெட்டையோ நீச்சல் போட்டியையோ இருபது வயதில் ஆரம்பித்துப் பெரிய இடத்துக்குப் போவது கஷ்டம். அமெரிக்காவிலே பல பெண்கள் துடுப்பையே பார்க்காமல் பல்கலைக்கழகம் வருகிறார்கள். முதல் வாரத்தில் பயிற்சியாளர்கள் அவர்களைத் தேடிப் பிடித்து, மாசக்கணக்கில் பழக்கி, அதே வருஷம் போட்டிக்கு இறக்குகிறார்கள். ஒலிம்பிக் வரை போனவர்களும் உண்டு. வசதியான பாடசாலையில் படிக்காத பிள்ளைக்குக் கதவு திறந்திருக்கும் மிகச் சில விளையாட்டுகளில் இது ஒன்று. எங்கள் நாட்டில் அதே விளையாட்டு வசதியான பாடசாலைகளின் சொத்தாகிக் கிடப்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆள்

ஒரு 'எய்ட்' படகில் எட்டுப் பேர் துடுப்புப் பிடிப்பார்கள், ஒருவர் திசை பிடித்துத் தாளம் சொல்வார். எட்டுப் பேரும் ஒரே நொடியில் துடுப்பைத் தண்ணீரில் போட்டு ஒரே நொடியில் எடுக்க வேண்டும். பார்ப்பவர்கள் கையின் விளையாட்டு என்று நினைப்பார்கள். ஆசனம் சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும், உந்துவது கால்தான். போட்டித் தூரம் 2000 மீற்றர். இதைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த ஒருவர் இல்லாமல் பழகினால் முதுகு போய்விடும். ஆகவே முதல் கேள்வி படகு இல்ல, ஆள்.

எங்கள் கம்பஸில் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் பெரும்பாலும் வருகைதரு பயிற்சியாளர். கொடுப்பனவு பிந்தும். பிந்தினால் அவர் வரமாட்டார், அவர் வராவிட்டால் சிரேஷ்ட அக்கா ஒருத்தி பழக்குவாள், அந்த அக்காவுக்குப் பரீட்சை வந்தால் பயிற்சியே இல்லை. இதை 'அணி' என்று கலர்ஸ் நைட்டில் மேடையேற்றுகிறோம். பெண் பயிற்சியாளர்கள் எத்தனை பேர், தமிழில் விளங்கப்படுத்தக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். சும்மா கேட்கவில்லை. தண்ணீரில் வைத்துப் பயிற்சியாளர் ஒலிபெருக்கியில் ஒரு கட்டளை கத்துகிறார், ஏழு பேருக்கு விளங்குகிறது, எட்டாவது ஆள் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து அரை நொடி பிந்திச் செய்கிறாள். அந்த அரை நொடிக்குப் படகு ஆடும். "அந்தத் தோட்டத்துப் பிள்ளை கொஞ்சம் ஸ்லோ" என்று பேர் வரும். அவள் ஸ்லோ இல்லை, மொழி அவளுக்குப் பிந்தி வந்து சேர்ந்தது.

இன்னொரு பேச்சையும் கேட்டிருக்கிறோம். "நீங்க மலை ஏறி இறங்கி வளர்ந்தவங்க, உங்களுக்கு ஓட்டம்தான் சரி." பாராட்டு மாதிரித்தான் இருக்கும். கொஞ்சம் யோசித்தால் விளங்கும். எங்களுக்கு எப்போதும் சிபாரிசு செய்யப்படுவது செலவில்லாத விளையாட்டு. மரதன், நகர்வல ஓட்டம். சப்பாத்துகூட இல்லாமல் ஓடினால் இன்னும் நல்ல செய்தி, படம் போட்டு எழுதலாம். காலில் பலம் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினால், காலால் உந்தும் படகோட்டத்துக்கு ஏன் கூப்பிடவில்லை?

"அதுக்கு உயரம் வேணும், உங்க ஆட்கள் கட்டை" என்று ஒரு பதிலும் தயாராக இருக்கும். நீண்ட கை கால் உதவும், உண்மைதான். ஆனால் கட்டையானது எப்படி? 2016 மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது எங்கள் இரத்தத்தில் இருக்கிற குறை இல்லை. ரொட்டியும் தேத்தண்ணியும் சம்பளமும் சேர்ந்து செய்த வேலை. சாப்பாட்டைக் குறைத்துவிட்டு உயரத்தை அளக்க வராதீர்கள். திசை பிடிக்கும் இடத்துக்குக் கட்டையான ஆள்தான் நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம்.

காசு

இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். படகோட்டம் காசு தின்னும் விளையாட்டு. புதிய எய்ட் படகு ஒன்று 40,000 அமெரிக்க டொலருக்கு மேல் போகும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 1 கோடியே 20 இலட்சம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு படகின் விலை 8,800 பேருக்கு மேல். ஒரு அம்மா மாசம் தவறாமல் 25 பேர் போட்டால், சாப்பிடாமல் குடிக்காமல் 29 வருஷம் உழைக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நாங்களே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். "அப்ப இது எங்களுக்கு வேணாம்" என்று ஒருத்தி சொன்னாள். நாங்கள் அதோடு நிற்கவில்லை. முதல் வருஷத்துக்குப் படகு தேவையே இல்லை. தரையில் வைத்துப் பழகும் துடுப்பு இயந்திரம் ஒன்று ஏறத்தாழ 1,000 டொலர், அதாவது 3 இலட்சம் ரூபாய். நான்கு இருந்தால் முப்பது பிள்ளைகளை மாறி மாறிப் பழக்கலாம். நீச்சல் தடாகம் உள்ள கம்பஸில் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் நீந்தத் தெரியாத பெண்களுக்கு என்று ஒதுக்கினால், செலவு ஒரு பயிற்சியாளரின் கொடுப்பனவு மட்டும்தான். பழைய படகை இன்னொரு கழகத்திடம் இரவல் வாங்கலாம். ஆக, 'காசில்லை' என்பது முழு உண்மை இல்ல. காசு எங்கே போகிறது என்று சொல்லாமல் இருப்பதற்கான பதில் அது.

ஏனென்றால் காசு போகாமல் இல்லை. ஆண்கள் அணிகளின் பயணத்துக்கு எவ்வளவு, ஜேர்சிக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, பெண்கள் அணிகளுக்கு எவ்வளவு என்று அணிவாரியாகப் பிரித்த ஒரு கணக்கைத் தேடி எங்கள் கம்பஸ் ஆவணங்களைப் புரட்டினோம். 'விளையாட்டு' என்று ஒரே ஒரு வரி. அதற்குள் எல்லாம் இருக்கும், எதுவும் தெரியாது. பெண்கள் அணியில் இருப்பவர்கள் தங்கள் கைக்காசில் பஸ் ஏறுவது எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஏறியவர்கள் நாங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. நல்லது. அதில் போட்டோகொப்பி, சாப்பாடு, ஊருக்குப் போகும் பஸ், தம்பியின் டியூசன் என்று பிரித்த பிறகு பயிற்சிக்குப் போக எவ்வளவு மிஞ்சும்? வீட்டிலிருந்து காசு வரும் பிள்ளைக்கு விளையாட்டு பொழுதுபோக்கு. வீட்டுக்குக் காசு அனுப்பும் பிள்ளைக்குச் சனிக்கிழமைப் பயிற்சி என்பது ஒரு டியூசன் வகுப்பின் இழப்பு.

படிப்பு

"விளையாடப் போனா படிப்பு கெட்டுப்போகும்" என்று வீட்டில் சொல்வார்கள். அப்பா அம்மாவைக் குறை சொல்ல மாட்டோம். லயத்திலிருந்து கம்பஸுக்கு ஒரு பிள்ளை வருவது எத்தனை பேருடைய வயிற்றைக் கட்டி என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம்.

அமெரிக்காவில் அணியின் படிப்புக்கும் புள்ளி போடுகிறார்கள். ஒவ்வொரு தவணையும் வீராங்கனை படிப்பில் தகுதியோடு இருக்கிறாளா, பல்கலைக்கழகத்தை விட்டுப் போகாமல் இருக்கிறாளா என்று பார்த்து, 1000க்கு அணியின் மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். 930க்குக் கீழே போனால் பருவ இறுதிச் சாம்பியன்ஷிப்புக்குப் போக முடியாது. பயிற்சி நேரமும் பருவகாலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி. அதாவது பிள்ளை பெயிலானால் அந்தக் கேள்வி பயிற்சியாளரையும் போய்ச் சேரும்.

இங்கே அந்தக் கேள்வி பிள்ளையை மட்டும்தான் கேட்கப்படும். பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. போட்டிக்குப் போன நாளுக்குக் கடிதம் கொண்டுவா என்பார்கள். கடிதம் கொடுத்தாலும் சில விரிவுரையாளர் ஏற்பார், சிலர் "விளையாடவா வந்த?" என்று கேட்பார். தண்ணீர்ப் பயிற்சி விடிகாலையில், காற்று எழும்ப முன்னம். விடுதிக் கேற் திறப்பது அதற்குப் பிறகு. எங்கள் கம்பஸில் ஒரு பெண் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் விடுதிப் பொறுப்பாளரிடம் அனுமதி, உடற்கல்விப் பிரிவில் கையொப்பம், வீட்டிலிருந்து சம்மதக் கடிதம். ஆண்கள் விடுதியில் எழும்பி நடந்து போனால் சரி. இருபத்திரண்டு வயதில், வாக்குரிமை உள்ள பெண், துடுப்புப் பிடிக்க அப்பாவின் கடிதம் கேட்கிறார்கள்.

இதோடு அனுமதிக் கதையும் சேர்கிறது. கல்விக்கு வெளியே உயர் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் 0.5 வீத இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கேட்கப்படுவது தேசிய மட்டச் சான்றிதழ். வலய மட்டத்தில் முதலிடம் வந்து, மாகாண மட்டத்துக்குப் போக வேன் காசு சேராமல் நின்ற பிள்ளைகளை எங்கள் பாடசாலைகளில் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த 0.5 வீதம் அடுத்த ஊர்த் திருவிழா மாதிரி. சத்தம் மட்டும் கேட்கும்.

எங்களுக்குள்ளேயே சொல்லப்படும் பதில்கள்

வெளியாருக்குச் சொன்னது போதும். எங்கள் தோழர்கள் சிலரும் கேட்பார்கள். "லயத்தில கூரை ஒழுகுது, காணி இல்ல, சம்பளம் இல்ல. இந்த நேரத்தில படகு ஒரு பிரச்சினையா?"

கூரை ஒழுகுவது எங்களுக்குத் தெரியும், அதன் கீழே வாளி வைத்தது நாங்கள்தான். 2023இல் 200 வருஷத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது கேட்டதும் காணி, வீடு, சம்பளம், மரியாதை எல்லாம்தான். நாங்கள் அதில் எதையும் பின்தள்ளச் சொல்லவில்லை. ஆனால் 'முதல்ல அது, பிறகு இது' என்ற வரிசையில் பெண்களுக்கான எல்லாமே எப்போதும் 'பிறகு'தான். தோட்டத்தில் ஆண்களின் கிரிக்கெட் டூர்னமெண்டுக்குக் கிண்ணமும் பெட்டி ஸ்பீக்கரும் வாங்கக் காசு சேர்க்கும்போது யாரும் கூரையைப் பற்றிக் கேட்டதில்லை. சந்தாப்பணம் கட்டும் பெண்கள் மலையில் நிற்க, தொழிற்சங்க மேடையில் ஆண்கள் உட்கார்ந்திருப்பதும் அதே வரிசைதான். உடம்பை வேலைக்கு மட்டும் கொடுத்த சமூகத்தில், ஒரு பெண் தன் உடம்பைத் தன் சந்தோசத்துக்காகப் பலமாக்குவது சின்ன விசயம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கையையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். கணக்குக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. அமெரிக்காவிலே அந்தக் கணக்கிலும் கள்ளம் நடந்திருக்கிறது. பெண்கள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட, ஓடாதவர்களின் பேரையும் அணியில் எழுதியிருக்கிறார்கள். தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் 2009ஆம் ஆண்டு நகர்வல ஓட்ட அணியில் 71 பெண்கள் பதிவாகியிருந்தார்கள், பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு போட்டியிலும் ஓடவில்லை. இது 2011இல் பத்திரிகையில் வெளிவந்தது. பெரிய பெண்கள் படகோட்ட அணிகள் மேலும் இதே குற்றச்சாட்டு உண்டு. 2019இல் இன்னும் மோசம். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், துடுப்பே பிடிக்காத பணக்காரப் பிள்ளைகளைத் துடுப்பு இயந்திரத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து, வீராங்கனைகள் என்று காட்டி அனுமதி வாங்கிய கதை நீதிமன்றம் வரை போனது. செக்ரோலில் கள்ளப்பேர் போடுவது எங்களுக்கும் புதுசில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணக்கு பகிரங்கமாக இருந்ததால்தான் அங்கே 71 என்ற இலக்கத்தைப் பார்த்து ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. இங்கே சந்தேகப்படக்கூட ஒரு இலக்கம் இல்லை.

என்ன செய்யப் போகிறோம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். விண்ணப்பம் தமிழில் கொடுக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க முடியாது. 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. நாங்கள் நாலு கேள்வியை எழுதிவிட்டோம்.

ஒன்று: கடந்த மூன்று வருஷத்தில் ஒவ்வொரு விளையாட்டு அணியிலும் எத்தனை ஆண், எத்தனை பெண், எந்தெந்த மாவட்டத்திலிருந்து? தனியாட்களின் பேர் எங்களுக்கு வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இரண்டு: ஒவ்வொரு அணிக்கும் பயிற்சியாளர் யார், நிரந்தரமா வருகைதருவா, பெண்கள் எத்தனை பேர், எந்த மொழியில் பயிற்சி?

மூன்று: அணிவாரியாக வருட ஒதுக்கீடும் உண்மையான செலவும் எவ்வளவு? ஆண்கள் பெண்கள் வேறாக.

நாலு: போட்டிக்கும் பயிற்சிக்கும் போகும் மாணவியின் வரவு, பரீட்சை, விடுதி நேரம் பற்றி எழுத்தில் உள்ள விதி என்ன? அணியில் சேர்ந்து இடையில் நின்ற பெண்கள் எத்தனை பேர்?

நாலாவதின் கடைசிப் பகுதிதான் எங்களுக்கு முக்கியம். வந்தவர்களைக் கலர்ஸ் நைட்டில் எண்ணுகிறார்கள். வந்து நின்றவர்களை யாரும் எண்ணுவதில்லை. மற்றக் கம்பஸ்களில் படிக்கும் மலையக நண்பிகளும், மலையகம் இல்லாத நண்பிகளும் இதே நாலு கேள்வியை அவரவர் இடத்தில் கேளுங்கள். ஒருத்தி கேட்டால் 'பிரச்சினைக்காரி' என்பார்கள். பத்து இடத்திலிருந்து ஒரே கேள்வி போனால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதும் இல்லை. நாங்கள் கேட்கும் முதல் வசதி மிகச் சின்னது. நீந்தத் தெரியாத பெண்களுக்கு வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் தடாகம், பெண் பயிற்சியாளர் ஒருவர், தமிழும் சிங்களமும். இதற்கு ஒரு படகும் வாங்கத் தேவையில்லை.

காசல்ரீக் கரைப் பிள்ளை இப்போது இரண்டாம் வருஷம். விடுதியில் இருக்கும் திருகோணமலை அக்கா ஒருத்தி, கடற்கரைக்காரி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு நீச்சல் பழக்குகிறாள். இன்றைக்கு 25 மீற்றர் வரை மூச்சு வாங்காமல் போகிறாள். இன்னும் 25 இருக்கிறது. அதையும் நீந்திவிட்டு, அடுத்த ஆள்சேர்ப்புக்கு அதே இடத்துக்குப் போகப் போகிறாள். அன்றைக்கு நாங்களும் கூடப் போவோம், நாலு கேள்வியோடு.